தண்ணீர் பாட்டில்

என் மச்சினன் ஜாபேஸ் தேசிய கால்பந்து லீக்கில் ஓர் அணியின் இரண்டாவது கோல்கீப்பர். அந்த சீசனில் இருபத்திரண்டு ஆட்டம். ஒன்றில்கூட அவனை இறக்கவில்லை. "பாளையங்கோட்டையிலிருந்து அம்புட்டு தூரம் போயி தண்ணி பாட்டில் சுமக்கான்" என்று வாய் ஓயாமல் கேலி செய்தேன். என் மனைவி ஸ்வீட்லின் ஓர் ஆட்டம் விடாமல் டிவியில் தம்பியைத் தேடுவாள்.

கடைசி ஆட்டத்தில் எதிரணிக்குப் பெனால்ட்டி கிடைத்தது.

"கோல்கீப்பரைப் பாக்காதிய. என் தம்பி கையைப் பாருங்க," என்றாள்.

கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த ஜாபேஸ், பாட்டிலை இடக்கைக்கு மாற்றினான். அதை ஓரக்கண்ணால் பார்த்த கோல்கீப்பர் இடப்பக்கம் பாய்ந்தான். பந்து அவன் கையில்.

எவன் எந்தப் பக்கம் அடிப்பான் என்று ஜாபேஸ் ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருக்கிறானாம். அப்படித் தடுத்ததில் இது நாலாவதாம். ஸ்வீட்லின் அப்போதுதான் சொன்னாள். சிறந்த கோல்கீப்பர் விருது வழக்கம்போல், களத்தில் ஆடியவனுக்கே போனது.

மறுமாதம் எங்கள் சபையில் அசனப் பண்டிகை, சமபந்தி விருந்து. ஊரே பந்தியில் சாப்பிட, லீவில் வந்த ஜாபேஸ் ஜக்கோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். நானும் பந்தியில்தான் இருந்தேன். எழுந்துபோய் ஜக்கைப் பிடுங்கினேன்.

"நீ போயி உக்காருலே."

"பாதிச் சாப்பாட்டுல எந்திச்சிட்டியளே அத்தான்!"

"இருக்கட்டும். இந்த வருசம் பூரா சும்மா உக்காந்திருந்தது நான்தாம்லே."