கேட்காமல் எடுக்க ஒரு கத்தி

புயல் அடித்துப் போன மறு வருசம், வெயில் காலத்தில், நிந்தவூர் மசூர் மருதமுனைக்கு மாப்பிள்ளையாகப் போனான். அந்தக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களில் பெண் புகுந்த வீடு என்று ஒன்று கிடையாது. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். மசூரின் பெட்டியில் நாலு சாறனும் மூன்று சேட்டும் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றும் இருந்தன. மற்றபடி அந்த வீட்டில் கண்ணில் படுகிற எல்லாமே மனைவி முனவ்வறாவுடையதும் அவள் உம்மா சபியா உம்மாவுடையதும்தான்.

அது நெசவுக்கார வீடு. சாயம் தோய்த்த நூல் கற்றைகள் முற்றம் முழுக்கக் கொடியில் தொங்கும். காலையில் வயலுக்குப் புறப்படும்போது அவற்றை விலக்கிக்கொண்டுதான் மசூர் போக வேண்டும். சிவப்புக்குள் நுழைந்து, ஈரப் பச்சை கன்னத்தில் தட்ட, மஞ்சளில் வெளியே வருவான். யாரோ கண்டுகொண்டிருக்கிற கனவுக்குள் வழிதவறி வந்துவிட்டோமோ என்று இருக்கும். உள்ளே முனவ்வறாவின் தறி பேசிக்கொண்டிருக்கும். அதற்கு அடுத்த வீட்டுத் தறி பதில் சொல்லும். அந்த ஓசை ஓய்கிற இடத்தில் கடல் கேட்கும்.

அவனுக்கு அங்கே ஒரு குறையும் இல்லை. அதுதான் கஷ்டம். மாப்பிள்ளை வாய் திறந்து ஒன்றைக் கேட்டால், கேட்கிற வரைக்கும் வைத்துவிட்டோமே என்று வீடே வெட்கப்படும். வந்த புதிதில் ஒருநாள் அவன் தண்ணீர் கேட்டான். முனவ்வறா செம்போடு வந்தாள். அவள் வாப்பா காலிதீன் கிளாசோடு வந்தார். கதவு மறைவில் சபியா உம்மாவின் குரல் மகளை ஏசியது. மாமி மருமகனுக்கு முன்னால் வருவதுமில்லை, நேரே கதைப்பதுமில்லை. அன்றிலிருந்து மசூர் தாகம் எடுத்தால் கிணற்றடிக்குப் போனான்.

வாவிக்கு அப்பால் நாவிதன்வெளியில் அவனுக்கு ஒரு துண்டு வயல் இருந்தது. பக்கத்து வயல்காரர் வேலப்போடி. ஒரு மத்தியானம் மசூர் யூரியாப் பையின் வாயைத் தைத்திருந்த நூலைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது, அவர் வரம்பில் நின்று பார்த்தார்.

"பல்லுப் போனா மறுகா முளைக்காது தம்பி" என்றார்.

மடியிலிருந்து மடக்குக் கத்தி ஒன்றை எடுத்து விரித்து நீட்டினார். வில்லுக்கத்தி என்பார்கள் அந்தப் பக்கத்தில். அலகு தேய்ந்து மீன்முள் மாதிரி ஆகியிருந்தது. நூல் அறுந்தது தெரியவில்லை. பிறகு அதே கத்தியால் வேலப்போடி ஒரு வெள்ளரிப்பிஞ்சை நாலாகப் பிளந்து பாதியை இவனிடம் கொடுத்தார்.

"இப்ப கல்முனையில வெளிநாட்டுச் சாமான் குவிஞ்சு கிடக்காம். ஒண்டு வாங்கி வெச்சிக்கங்களன்."

வெள்ளரிக்காயின் குளிர்ச்சியோடு அந்தப் பேச்சும் மசூருக்குள் இறங்கியது.

அன்று வயலிலிருந்து திரும்பும்போது கல்முனைக் கடைத்தெருவில் முகம்மது தம்பியின் சாமான் கடைக்குள் நுழைந்தான். வெயிலிலிருந்து உள்ளே போனதும் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் வில்லுக்கத்திகள் ஒன்றொன்றாகத் தெரிந்தன, ஆழத்து மீன்கள் மேலே வருவதுபோல. முகம்மது தம்பி நடுவயதுக்காரர், அவசரப்படாதவர். மூன்றை எடுத்து ஒரு துணியில் வைத்தார்.

"விரிச்சுப் பாருங்க. பாக்கிறத்துக்குக் காசில்ல."

முதலாவது சிவப்புப் பிடி. உள்ளே இரண்டு அலகு, தகரம் திறக்கிற கொக்கி, விரல் நீளத்தில் ஒரு கத்தரிக்கோல். மசூர் அதை விரித்ததும், காற்சட்டை போட்ட ஒருவன் மலைநாட்டு ரயிலில் யன்னலோரம் உட்கார்ந்து மடியில் தகரப்பேணியைத் திறப்பது தெரிந்தது. வெளியே மூடுபனி. அந்த ஆளின் முகம் தன் முகம். விலையைக் கேட்டதும் ரயில் போய்விட்டது.

இரண்டாவதன் பிடி கடல் பச்சை. சிப்பியின் உள்பக்கம்போல அசைத்தால் நிறம் மாறியது. அதை விரித்தபோது கப்பலின் மேல்தளம் வந்தது. வெள்ளை உடுப்போடு நின்று, பெயர் தெரியாத ஒரு பழத்தை அவன் சீவிக்கொண்டிருந்தான். பழத்தோல் கடலில் விழுவதற்கு முன்பே பறவைகள் கவ்வின. அதன் விலை கைக்கு எட்டுகிற விலைதான்.

மூன்றாவது மரப்பிடி. ஒரே ஓர் அலகு. மூன்றிலும் மலிவு. விரித்தான், ஒன்றும் தோன்றவில்லை. மடக்கி வைத்தான்.

அன்று வாங்கவில்லை. மறுநாளும் போனான். மறுநாளைக்கு மறுநாளும் போனான். பச்சைக் கத்தியை விரிப்பான், கப்பலில் கொஞ்ச நேரம் நிற்பான், மடக்குவான். பச்சைதான் என்று மனம் எப்போதோ சொல்லிவிட்டது. ஆனாலும் வாங்கிவிட்டால் கப்பல் வராமல் போய்விடுமோ என்று ஒரு தயக்கம். முகம்மது தம்பி தன்பாட்டில் ஆணிகளை நிறுத்துக்கொண்டிருந்தார்.

இதை ஒருத்தி பார்த்துவிட்டாள். சித்தி லைலா, சபியா உம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை. கல்முனையில் பஸ்ஸுக்கு நின்றவளின் கண்ணில், கடை இருட்டுக்குள் விரித்த கத்தியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிற புது மாப்பிள்ளை பட்டான். இன்னொரு நாள் பார்த்தாள். அன்றும் அதே நிலை. மூன்றாம் தடவை பார்க்கும்வரை அவளுக்குப் பொறுமை இல்லை.

அதற்குப் பிறகு வீடு மாறிவிட்டது. மசூருக்கு அது மெல்லத்தான் உறைத்தது. வெற்றிலை வட்டா வந்தது, அதில் பாக்குவெட்டி இல்லை. குசினிச் சுவரில் வழக்கமாக மாட்டியிருக்கும் கத்தியைக் காணவில்லை. மீன் அடுத்த வீட்டிலிருந்து வெட்டி வந்தது. காலிதீன் மாமா இவன் போகிற இடமெல்லாம் பத்து முழம் தள்ளி ஏதாவது வேலை வைத்துக்கொண்டார். சாப்பாடு மட்டும் முன்னைவிடப் பலமாக வந்தது. ஒருநாள் கோழி, ஒருநாள் றால். முனவ்வறாவின் தறி நடுவில் நின்று நின்று ஓடியது.

இப்படியும் ஒரு வீடா என்று மசூர் நினைத்துக்கொண்டான். நூல் கற்றைகளுக்கு நடுவே நடக்கையில் கப்பல் நினைவு வந்தது.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு, முனவ்வறா அவனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். அதுவரை அவள் அப்படி நேருக்கு நேர் உட்கார்ந்ததில்லை.

"இஞ்ச பாருங்க. என்னில ஏதும் கோவமா?"

"இல்லையே."

"வாப்பாவில? உம்மாவில?"

"என்னத்துக்கு?"

"அப்ப ஆரக் குத்தப் போறீங்க?"

அவள் அழத் தொடங்கிவிட்டாள். அழுகைக்குள்ளிருந்து லைலாவின் பெயரும் கல்முனையும் கத்தியும் ஒவ்வொன்றாக வந்தன. அவனுக்கு எல்லாம் விளங்கியபோது காது சூடாகிவிட்டது.

"யூரியாப் பை வெட்ட" என்றான்.

"என்ன?"

"யூரியாப் பையை வெட்டத்தான். பல்லால கடிக்கிறன். நூல் வாயில வருது. தோடம்பழம் உரிக்க, கயிறு அறுக்க. ஒரு வில்லுக்கத்தி. எது நல்லமெண்டு தெரியல்ல. அதுதான் பாத்துக்கொண்டு நிண்டன்."

முனவ்வறா அவனையே பார்த்தாள். கண்ணீர் பாதி வழியில் நின்றது. பிறகு சிரிப்பு வந்தது. முதலில் மூக்கில், பிறகு தோளில், பிறகு முழு உடம்பிலும். அவள் சிரித்து அவன் கேட்டது அன்றுதான்.

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. தொடர்ந்து சபியா உம்மாவின் குரல் வந்தது. இந்தத் தடவை அது மகளுக்கு வந்த குரல் அல்ல.

"மகன், ஊட்டுல கத்தி ரெண்டு மூணு இரிக்கே. ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா எடுத்துத் தந்திரிப்பமே."

மாமி தன்னோடு கதைக்கிறாள் என்று புரிந்துகொள்ளவே மசூருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. கதவைப் பார்த்துக்கொண்டு, மனதில் இருந்ததை அப்படியே சொன்னான்.

"ஓம் மாமி, தெரியும். எனக்கு, கேக்காம எடுக்க ஒண்டு வேணும்."

தறி ஓடவில்லை. அடுத்த வீட்டிலும் வெள்ளிக்கிழமை. கடல் மட்டும் கேட்டது. சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவன் நினைத்தபோது, சபியா உம்மா தொண்டையைச் செருமினாள்.

"அது மெய்தான்" என்றாள். "நாங்க அத நினைக்கல்ல." கொஞ்சம் பொறுத்து, "இவளயும் கூட்டிக்கிட்டுப் போங்க. நீங்க தனியப் போனா அடுத்த வெள்ளிக்கும் பாத்துக்கொண்டுதான் நிப்பீங்க."

அசர் தொழுகைக்குப் பிறகு இரண்டு பேரும் பஸ்ஸில் கல்முனைக்குப் போனார்கள். முனவ்வறா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு யன்னலோரம் இருந்தாள். புயலில் தலை முறிந்த தென்னைகள் வெளியே ஓடின. கலியாணத்துக்குப் பிறகு அவள் ஊரைத் தாண்டுவது இதுதான் முதல் தடவை என்று சொன்னாள்.

முகம்மது தம்பி கேட்காமலே மூன்றையும் எடுத்துத் துணியில் வைத்தார். முனவ்வறா சிவப்பை எடுக்கவே இல்லை. பச்சையை எடுத்தாள். அலகை விரித்து, பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்து அங்குமிங்கும் அசைத்தாள். அது மெல்ல ஆடியது. முந்தானையில் முடிந்து வந்திருந்த நூலை எடுத்து அவனை ஒரு முனையில் பிடிக்கச் சொன்னாள். பச்சைக் கத்தி நூலை அறுத்தது. ஆனால் அறுந்த முனை பூவாகப் பிரிந்திருந்தது.

"காக்கா, அந்த மரத்தத் தாங்க" என்று கடைக்காரரை அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

மரப்பிடிக் கத்தியை விரித்தபோது 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. அலகு ஆடவில்லை. நூல் சொல்லாமல் கொள்ளாமல் அறுந்தது. அவள் முனையை அவனிடம் காட்டினாள். ஊசியில் கோக்கலாம் போலிருந்தது.

"உப்புக் காத்துக்குத் துரு வருமா காக்கா?" என்று கேட்டாள்.

"வரும் மகள். எல்லாத்துக்கும் வரும். தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு, கிழமைக்கு ஒருக்கா. இந்த வில்லு இறுக்கம், சும்மா விரியாது. மடியில பயமில்ல."

"கண்ண மூடிக்கிட்டு ஒரு கையால மடக்கிப் பாருங்க" என்றாள் முனவ்வறா. "மத்தக் கையில பையப் பிடிச்சிரிப்பீங்கதானே."

மசூர் கண்ணை மூடினான். கத்தி உள்ளங்கையில் இருந்தது. கப்பல் வருமோ என்று பார்த்தான், வரவில்லை. ரயிலும் வரவில்லை. மரத்தின் சூடும் தன் விரல்களும்தான் இருந்தன. ஆனால் இந்தத் தடவை அது வெறுமையாக இல்லை. விரல்கள் தாமாகவே இடம் கண்டுகொண்டன. அலகு மடங்கி உள்ளே போனது. இடுப்பு வாரின் பைக்குள் வைத்தான். அளவெடுத்ததுபோல் இறங்கியது.

பச்சைக் கத்தியை முகம்மது தம்பி கண்ணாடிப் பெட்டிக்குள் திருப்பி வைத்தபோது, மசூர் கொஞ்சம் நின்று பார்த்தான். முனவ்வறா அதைக் கவனித்தாள்.

சந்தை வாசலில் வத்தகப்பழம் குவித்து வைத்திருந்தார்கள். ஒன்றை வாங்கி மசூர் தோளில் வைத்துக்கொண்டான். மருதமுனையில் இறங்கியதும், வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கையைத் தாண்டி நேரே கடற்கரைக்கு நடந்தார்கள். யார் முதலில் அந்தப் பக்கம் திரும்பினார்கள் என்று இருவருக்கும் தெரியாது. கரையில் ஏற்றி விட்டிருந்த தோணியின் மறைவில் உட்கார்ந்தார்கள்.

அலகு சின்னது, பழம் பெரியது. ஒரு பக்கம் இறக்கி, பழத்தை உருட்டி, மறுபக்கம் இறக்கி, சுற்றி வர வேண்டியிருந்தது. முனவ்வறா பழத்தைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் அது தானாகவே வாய் பிளந்தது. உள்ளே அத்தனை சிவப்பு. அவள் தோய்க்கிற சாயத்தில் அந்தச் சிவப்பு வராது என்றாள்.

கொஞ்சம் தின்ற பிறகு கேட்டாள்:

"அந்தப் பச்சைக் கத்திய விரிச்சா ஒங்களுக்கு என்ன தெரியும்?"

அவன் கை நின்றது. "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க கத்தியப் பாக்கல்ல. அதுக்கு அங்கால எதையோ பாத்தீங்க."

வெளியே யாருக்கும் சொல்லாததை மசூர் சொன்னான். முதலில் தட்டுத் தடுமாறி, பிறகு சரளமாக. கப்பலைச் சொன்னான். வெள்ளை உடுப்பைச் சொன்னான். தோலைக் கவ்வும் பறவைகளைச் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. முழங்காலில் கன்னத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"கப்பல்ல பொம்புளையள் இரிக்காங்களா?"

மசூர் யோசித்தான். அதுவரை அங்கே அவன் மட்டும்தான் நின்றிருக்கிறான்.

"இரிக்கலாம்" என்றான்.

"எந்த ஊருக்குப் போகுது?"

"அது தெரியா."

"தெரியாம ஏறினீங்களா?" என்று கேட்டுவிட்டு, அவளே ஓர் ஊர் சொன்னாள். அங்கே சாயம் மரத்திலேயே காய்க்குமாம். பறித்து நூலில் தேய்த்தால் போதுமாம், மழைக்கும் போகாதாம். சின்ன வயதிலிருந்து தறியில் இருக்கும்போதெல்லாம் அந்த ஊருக்குப் போய் வருகிறாளாம். பாவு நூல் ஓடி முடிகிற வரைக்கும் அங்கேதான் இருப்பாளாம். அந்த ஊருக்கு அவள் ஒரு பெயரும் வைத்திருந்தாள். அதைச் சொல்ல மட்டும் வெட்கப்பட்டாள்.

தூரத்தில் தோணிகள் திரும்பிக்கொண்டிருந்தன. கடல் முதலில் செம்பாகவும் பிறகு சாம்பலாகவும் நிறம் மாறியது. மஹ்ரிபுக்குப் பாங்கு சொன்னபோதுதான் இருவரும் எழுந்தார்கள். அவன் அலகைக் கடல் நீரில் கழுவப் போனான். உப்பு, வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்துத் தடுத்து, முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். மிச்சப் பழத்தை உம்மாவுக்கென்று மார்போடு அணைத்துக்கொண்டாள்.

ஒழுங்கை முழுக்க மணல். மெல்லத்தான் நடக்க முடிந்தது.

"அந்த ஊர்ல ஆறு இரிக்கா?" என்று மசூர் கேட்டான்.

"ரெண்டு இரிக்கி" என்றாள் முனவ்வறா.