ஆராயி கிணற்றில் மட்டும் இருந்த குறி

ஏழு கிணறுகளில் ஆறில் குறி இல்லை. மழையில் கரைந்துவிட்டது என்று சொல்ல வழியில்லை. யாரோ உளி வைத்துக் கொத்தி எடுத்திருந்தார்கள். ஏழாவதான ஆராயியின் கிணற்றில் மட்டும் சிவப்பு அம்பு அப்படியே பளிச்சென்று இருந்தது.

மல்லிநாதனுக்கு எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கூட்டத்தில் குறி எதற்கு என்று அத்தனை தெளிவாக விளக்கியிருந்தார். செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் குறிகள் போய்விட்டன.

அந்தக் குறிகளைப் போட்டவள் ஜினமதி. சென்னையில் பிஎச்.டி. செய்கிற பெண். அடி அண்ணாமலைப் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் எப்படி ஏறி இறங்குகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. மாதம் ஒரு முறை, விடியற்காலையில் யாரும் மோட்டார் போடுவதற்கு முன், அம்பின் நுனியிலிருந்து ஈயக் குண்டு கட்டிய டேப்பைக் கிணற்றுக்குள் இறக்குவாள். டேப்பின் அடிப்பகுதியில் சாக்பீஸ் தடவியிருக்கும். மேலே இழுத்ததும் எதுவரை சாக்பீஸ் நனைந்து கறுத்திருக்கிறது என்று பார்த்தால் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். எப்போதும் ஒரே இடத்திலிருந்து இறக்கினால்தான் போன மாதத்து அளவையும் இந்த மாதத்து அளவையும் ஒப்பிட முடியும். அதற்குத்தான் அம்பு.

இரண்டு வருடமாக அளந்துவிட்டாள். இந்த ஐப்பசி மழைக்கு முன்னும் பின்னும் அளந்தால் ஆராய்ச்சி முடிந்தது. இப்போது விட்டால் இரண்டு வருட வேலையும் வீண்.

"குறி போனதைப் பத்திக் கவலையில்ல சார்," என்றாள் ஜினமதி. "மேல் கல்லுலேர்ந்து எத்தனை அங்குலம்னு நோட்ல இருக்கு. திரும்ப வரைஞ்சுடலாம். காலையில கெணத்துக்காரர் கண்ணாயிரம் வீட்டுக்குப் போனேன். கேட்டையே தொறக்கல."

மல்லிநாதன் டவுனில் உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர். வருடத்துக்கு இரண்டு மூன்று ஆராய்ச்சி மாணவர்களைப் பேராசிரியர்கள் அவரிடம் அனுப்பிவைப்பார்கள். எக்ஸாமினரிடம் எப்படிச் சொல்வது, பேங்க் மேனேஜரிடம் எப்படிச் சொல்வது, குடியானவரிடம் எப்படிச் சொல்வது என்று பொறுமையாகப் பழக்கிவிடுவார். விஷயம் ஒன்றுதான், கேட்கிறவருக்கு எந்தப் பக்கம் வாசல் இருக்கிறது என்று பார்த்து நுழைய வேண்டும் என்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்று பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு யோசித்தார். சாயந்தரத்துக்குள் விடை கிடைத்த மாதிரி இருந்தது. கூட்டத்தில் அவர், "உங்க கெணத்துல எல்லாம் குறி வெச்சிருக்கோம்," என்று சொல்லியிருந்தார். குறி வைப்பது என்றால் அடையாளம் வைப்பதும்தான். அபகரிக்கக் கண் வைப்பதும்தான். ஜனங்கள் இரண்டாவது அர்த்தத்தில் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

"ஒரு வார்த்தை, ஜினமதி. ஒரே வார்த்தை. குறினு சொன்னதுக்கு அடையாளம்னு சொல்லியிருக்கணும்," என்றார். அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஆராயி மட்டும் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறாள், அவளை வைத்தே மற்றவர்களுக்குச் சொல்லிவிடலாம் என்று மறுநாள் காலையிலேயே சைக்கிளை மிதித்தார்.

ஆராயிக்கு நாற்பது வயது இருக்கும். புருஷன் பெங்களூரில் வேலை. இரண்டரை ஏக்கர் மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, அவளே பார்த்துக்கொள்கிறாள். கிணற்றில் ஐந்து எச்.பி. மோட்டார் உண்டு. களத்தில் மல்லாட்டையைக் காயப் பரப்பிக்கொண்டிருந்தவள் அவரைப் பார்த்ததும் நிமிரவில்லை.

"உங்க கெணத்துல மட்டும்தான் ஆராயிம்மா குறி இருக்கு. நீங்க புரிஞ்சுக்கிட்டீங்க. அதுக்கு நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"என் பேருதான் ஏற்கெனவே ஊர் பூரா நாறிப்போச்சே வாத்தியாரே. இனிமே அதை அழிச்சு இன்னாத்துக்கு?"

மல்லிநாதனுக்குப் புரியவில்லை.

"சுப்பிரமணி கடைக்கு எண்ணெ வாங்கப் போனேன். உறிஞ்சி வந்துட்டாடானு சிரிக்கிறானுங்க. எம்பொண்ணை இஸ்கூல்ல உறிஞ்சி மவள்னு கூப்புடுதுங்க. நல்ல பட்டம் கட்டிட்டுப் போனீங்க."

அப்போதுதான் அவருக்குக் கூட்டத்தில் காட்டிய தாம்பாளம் கண் முன் வந்தது. அகலமான அலுமினியத் தாம்பாளத்தில் ஈர மணலைக் கெட்டித்து, அடியில்லாத இரண்டு ஓட்டை டப்பாக்களை அதில் புதைத்து, தண்ணீர் விட்டுக் காட்டினார். ஒரு டப்பாவில் ரப்பர் குழாயை விட்டு உறிஞ்சினால் மற்ற டப்பாவிலும் தண்ணீர் இறங்கும். பூமிக்கு அடியில் தண்ணீர் தொடர்பாக இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல செய்முறை இல்லை. ஆராயி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். "இது ஆராயிம்மா கெணறுனு வெச்சுக்குங்க, இது கண்ணாயிரம் கெணறு. பாருங்க, அம்மா எப்படி உறிஞ்சுறாங்க," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு வந்துவிட்டால் பாடம் ஏறிவிட்டது என்பது அவருடைய இருபது வருட நம்பிக்கை.

அன்று கூட்டத்துக்கு முன் ஜினமதி மெதுவாகச் சொல்லியிருந்தாள்: "பேரு எதுவும் வேணாம் சார்." அவர்தான், "பேரு வெக்காம சொன்னா ஜனங்களுக்கு ஒட்டாதும்மா," என்று அடக்கினார்.

"மத்தவங்க எதுக்கு அழிச்சாங்க?" என்று கேட்டார். கேட்கும்போதே விடை தெரிந்துவிட்டது.

"அடுத்த கூட்டத்துல யாரு பேரைச் சொல்லுவீங்களோன்னுதான்."

"உங்க கெணத்து மேல தப்பே இல்ல ஆராயிம்மா. நீங்க ரெண்டு மணி நேரம்தான் மோட்டார் போடுறீங்க. உண்மையில கண்ணாயிரம் கெணத்துலதான் தண்ணி ரொம்ப ஆழத்துக்கு எறங்கி..."

"நிறுத்துங்க."

ஆராயி களத்தைச் சுற்றிப் பார்த்தாள். குரலைத் தணித்தாள்.

"அவரு பொண்ணுக்கு தைக்குள்ள சம்பந்தம் பேசுறாங்க. மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வந்து மொதல்ல இன்னா பாப்பாங்க? கெணத்தை எட்டிப் பாப்பாங்க. தண்ணி கம்மினு தெரிஞ்சா வூட்டுக்கு வசதி கம்மினு எழுந்து பூடுவாங்க. எனக்கும் அவருக்கும் வாய்க்கா தகராறு பத்து வருஷமா இருக்கு. இருந்தும் அவரு கெணத்துல தண்ணி எத்தினி ஆழத்துல கெடக்குனு நான் வெளியில சொன்னதில்ல. நீங்க இத்தினி படிச்சவரு, களத்துல நின்னுக்கினு சொல்றீங்க."

மன்னிப்புக் கேட்க வேண்டிய அந்த நிமிஷத்தில்கூட அதே தப்பைத்தான் செய்துகொண்டிருந்தார். சொல்ல ஒரு விஷயம் இருந்தால், அதுவும் நிஜமாக இருந்தால், சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துடிக்கிறது. அந்த விஷயம் யாருடையது என்று அவர் ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. எத்தனை மாணவர்களை இப்படிப் பழக்கி அனுப்பியிருக்கிறார், எத்தனை ஊரில் எத்தனை பேருக்குப் பட்டம் கட்டியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தார்.

"தப்புதான்," என்றார்.

"என்கிட்ட தனியா சொன்னா தீந்துடுமா? கூட்டத்துலதானே சொன்னீங்க?"

"கூட்டத்துலயே சொல்றேன்."

"சொல்லுங்க. யாரு பேரும் எடுக்காம சொல்லுங்க. என் பேரும்தான்."

அன்று மாலையிலிருந்து ஜினமதி வீடு வீடாகப் போனாள். மல்லிநாதன் கூடப் போய்த் தெருவிலேயே நின்றார். கடைசியாகக் கண்ணாயிரம் வீடு. கேட்டுக்கு உள்ளேயிருந்தே கண்ணாயிரம், "இன்னா வாத்தியாரே, தாம்பாளம் எடுத்தாரலையா?" என்றார்.

"இல்லீங்க. இந்தப் பொண்ணு பேசும். நான் வெளியிலயே நிக்கிறேன், எதையும் கேக்கப்போறதில்ல."

ஜினமதி உள்ளே போய்க் கால் மணி நேரம் பேசினாள். திரும்பி வந்தபோது கண்ணாயிரமும் வாசல் வரை வந்தார். மல்லிநாதனைப் பார்க்காமல் அவளிடம் கேட்டார்:

"என் கெணத்துக் கணக்கு இன்னும் யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். சாருக்கும் காட்டிட்டேன். காட்டியிருக்கக் கூடாது. என் தப்புங்க."

"அவரு வாயை நீ கட்டு. அப்புறம் அளந்துக்க."

மல்லிநாதன் தலையைக் குனிந்துகொண்டார். அவர் சார்பில் அந்தப் பெண் வாக்குக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜினமதிதான் பேசினாள். மல்லிநாதன் கீழே, கூட்டத்தோடு உட்கார்ந்திருந்தார். அவள் பேசி முடித்ததும் எழுந்து, "போன வாரம் நான் பேரு சொன்னேன். அந்தத் தாம்பாளத்துல இருந்தது யாரு கெணறும் இல்ல. பேரு வெச்சது என் தப்பு," என்றார். பின்னாலிருந்து யாரோ மெதுவாக, "உறிஞ்சி," என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். ஆராயி திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பட்டத்தை எடுக்க அவரால் கடைசி வரை முடியவில்லை.

ஆறு கிணறுகளிலும் அம்பு திரும்ப வந்தது. மழைக்கு முன்னும் பின்னும் அளவு எடுத்தாகிவிட்டது. ஜினமதி செய்தது இதுதான்: ஒரு கிணற்றின் அளவைக் கிணற்றுக்காரரிடம் மட்டும், அவர் வீட்டுக்குள் வைத்துச் சொன்னாள். ஆய்வேட்டில் பெயருக்குப் பதில் எழுத்துகளைப் போட்டு, எந்த எழுத்து யாருடையது என்ற தாளை ஜினமதி மட்டும் வைத்துக்கொண்டாள். ஊர்க் கூட்டத்தில் ஏழு கிணற்றுக்கும் சேர்ந்த சராசரி ஒன்றைத்தான் சொன்னாள்.