மூன்று முறை வந்துபோன வீடு

தையல்காரியின் ஆறு வயது மகள் காப்பகத்துக்குப் போய் நாற்பத்தோரு நாள் ஆகிவிட்டது. பிள்ளையைச் சரியாகக் கவனிப்பதில்லை என்று யாரோ போட்ட மொட்டைக் கடுதாசியை நம்பி அதிகாரிகள் தூக்கிக்கொண்டு போனார்கள். பிள்ளையைத் திருப்பித் தருவதா வேண்டாமா என்பது, குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் எழுதிய வீட்டு அறிக்கையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் வீட்டுப் பக்கமே வரவில்லை என்று அவள் கொடுத்த புகாருக்குத்தான் இன்று விசாரணை.

விசாரணைக் குழுவின் தலைவி அறிக்கையை உரக்கப் படித்தார். "மூன்று முறை நேரில் சென்றேன். மூன்று முறையும் தந்தை குடித்துவிட்டுக் கட்டிலில் கிடந்தார்."

நாலு பேர் முன்னால் தையல்காரிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இன்று எப்படியோ பெயர்ந்து வந்தது.

"அவர் செத்து மூணு வருஷம் ஆச்சும்மா. கட்டில்ல வந்து படுத்திருந்தா எங்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

அலுவலர் அசரவில்லை. "வேற யாராவது சொந்தக்காரரா இருக்கும் மேடம். ரெண்டு மாடி ஏறி மூச்சு வாங்கினது நான்."

மாடியே இல்லாத வீட்டுக்காரி வாயைத் திறந்தாள். தலைவி கையமர்த்திவிட்டு அலுவலரிடம் திரும்பினார். "அப்போ வழி தெரியும். ஜீப்புல ஏறுங்க, காட்டுங்க. நீங்களும் வாங்கம்மா, ஆனா மூச்சு விடக்கூடாது."

அலுவலர் இடது என்றார், இல்லையில்லை வலது என்றார். தையல்காரி தன் வீட்டு வாசலைத் தானே மூன்று முறை கடந்துபோனாள். உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சார், தெரு நாய்க்கே நாம பழகிட்டோம். குரைக்கறதை விட்டுடுச்சு," என்றார் ஓட்டுநர்.

அந்தத் தெருவில் இரண்டு மாடி உள்ள கட்டடம் ஒன்றே ஒன்றுதான். "இதான்!" என்று குதித்து இறங்கினார் அலுவலர். அது தீவனக் கிடங்கு.

காவல்காரர் தலையைச் சொறிந்தார். "இங்க குடும்பம் ஏதும்மா? எலிங்கதான்."

"அதுல ஏதாவது குடிச்சிட்டுக் கட்டில்ல கிடக்குதா?" என்றார் தலைவி.

அலுவலரின் குரல் உள்ளே போய்விட்டது. "முப்பது கோப்பு மேடம்... ஒரே அறிக்கைதான். பேரை மட்டும் மாத்திடுவேன்."



"முப்பதையும் மறுபடி பிரிக்கப் போறோம்," என்றார் தலைவி. "இன்னியிலேர்ந்து உங்களுக்கு வேலை கிடையாது. விசாரணை முடியற வரைக்கும் சஸ்பெண்ட். இறங்கினது இறங்கினதாவே நில்லுங்க." பிறகு பின்னால் திரும்பினார். "இப்ப சொல்லுங்கம்மா, உங்க வீடு எங்க?"

"முதல்ல காப்பகத்துக்கு விடச் சொல்லுங்கம்மா," என்றாள் தையல்காரி. "வீட்டை எம்பொண்ணே காட்டுவா."

ஓட்டுநர் யாரையும் கேட்காமல் வண்டியைத் திருப்பினார்.