கப்பலில் மூன்று நாள்

வயிற்றைத் தாழ்த்திக்கொண்டு வருகிறது விமானம், கொளப்பாக்கத்து மொட்டைமாடிக் கொடியில் அம்மாவின் புடவைகள் இரைச்சலில் நடுங்குகின்றன, சக்கரங்கள்கூடத் தெரிகின்றன, எந்த ஊர்லேர்ந்து வருதோ என்று அம்மா கண்ணுக்கு மேல் கைவைத்துப் பார்க்கிறாள், அம்மா எங்கே பார்க்கிறாள், அவள் விடிகாலையிலேயே போய்விட்டாள், கீழே கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறாள், மாடியில் நிற்பது சுகந்திதான், காதில் போன், போர்ட் பிளேரிலிருந்து தம்பி தயாளன், அக்கா, பத்தரைக்கு ஃப்ளைட், ரெண்டேகால் மணி நேரந்தான், ஒண்ணேகாலுக்கு அங்க இருப்பேன், அம்மாவ எடுத்துடாதீங்க.

ரெண்டேகால் மணி நேரந்தான், காதுக் கோளாறைப் பற்றிப் பேச்சே இல்லை, காதுல கோளாறும்மா, பிளேன் ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு, கப்பல்ல வரவே மூணு நாளாவுது என்று பதினோரு வருடம் கதை அளந்தவன், அம்மா அதை நம்பி, உறவு முழுக்க நம்பவைத்து, பாவம் புள்ள என்று அவனுக்காக இரக்கப்பட்டாள், இடுப்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், அவனத் தொந்தரவு பண்ணாதடி, கடல் கொந்தளிக்கிற மாசம் என்றாள், அதே வாரம் அவன் மச்சினன் கல்யாணத்துக்கு விமானத்தில் வந்து, வடபழனியில் இரண்டு நாள் தங்கித் திரும்பியிருக்கிறான், இந்த மொட்டைமாடிக்கு மேலேதான் இறங்கியிருப்பான், பிறகு அவன் மகள் வாய்தவறி உளறியதை சுகந்தி அம்மாவிடம் சொல்லவில்லை, விழுங்கினாள், விழுங்கியது உள்ளேயே கிடந்து கொதித்தது, போன வாரம் நினைவு தப்பித் தப்பி வந்த அம்மா, தயாளன் கப்பல் ஏறிட்டானாடி என்று கேட்க, ஏறிட்டாம்மா, பாதிக் கடல் தாண்டிட்டான் என்று இவளே பொய் சொல்லிக் கஞ்சி ஊட்டினாள்.

படியிறங்குகிறாள், அம்மாவின் தம்பி சிகாமணி மாமா கேட்கிறார், தயாளனுக்குச் சொல்லிட்டியாம்மா, எப்ப வர்றான், மதியம் வந்துடுவான் மாமா என்று ஒரு வார்த்தை போதும், அம்மா இருந்தால் அதைத்தான் சொல்வாள், பெட்டிக்குள் அவள் வாய் லேசாகத் திறந்தே இருக்கிறது, சொல்லிட்டேன் மாமா, அவன் கப்பல்லதானே வரணும், மூணு நாளாவும் என்றாள் சுகந்தி. அவ்ளோ நாள் வெச்சிருக்கக் கூடாதும்மா, பதினோரு மணிக்கு எடுத்துடலாம், கொள்ளி யாரு வைக்கிறது. நான் வைக்கிறேன் என்றாள், மாமா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டிக்குச் சொல்லப் போனார்.

வயிற்றைத் தாழ்த்திக்கொண்டு வருகிறது விமானம், மயானத்துப் புகைபோக்கிக்கு மேலே, மணி பன்னிரண்டே முக்கால், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் புகையைப் பார்த்திருப்பான், பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும், சொன்னபடி ஒன்றேகாலுக்கு வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து குதித்து ஓடிவருகிறான், அக்கா, அம்மா எங்கக்கா, மாமா திகைத்து, டேய், உனக்குக் காது என்று ஆரம்பித்து நிறுத்துகிறார், சுகந்தி ஈரப் புடவையோடு நிதானமாகச் சொல்கிறாள், சீக்கிரமா வந்துட்டியேடா, அம்மா உன்னக் கப்பல்லதானே எதிர்பார்த்தா. அவன் அப்படியே தரையில் உட்கார்கிறான், அவளுக்கு அது போதவில்லை, மேலே அடுத்த விமானம் இறங்குகிறது, அவள் கை தன்னால் கண்ணுக்கு மேல் போகிறது.