மேல்மடுவில் ஜிலேபி

வலையில் வந்த மூன்றாவது மீனைப் பார்த்ததும் பொற்கொடிக்கு அப்படியே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. ஜிலேபி. உள்ளங்கை அகலம், நன்றாகத் தின்று கொழுத்தது. கையில் எடுத்ததும் அது வாயைத் திறக்க, எள்ளளவுக் குஞ்சுகள் வலையெங்கும் கொட்டின. குஞ்சுகளை வாயில் வைத்து வளர்க்கிற சாதி அது.

"போச்சுக்கா. மேலயும் வந்துடுச்சு," என்றான் ஆனந்தராஜ்.

ஜவளகிரிக்கு அப்பால் காட்டோரம் ஓடுகிற இந்த ஓடையில் இரண்டு மடுக்கள். யாரோ ஒருவருடைய பண்ணைக்குட்டை நிரம்பி வழிந்த வருஷத்திலிருந்து கீழ்மடுவில் ஜிலேபியின் ஆட்சி. ஓடையில் பிறந்த கல்லொட்டி மீனின் முட்டையைத் தின்று, குஞ்சைத் தின்று, இடத்தையும் பிடித்துக்கொண்டது. இரண்டு மடுவுக்கும் நடுவே இரண்டாள் உயரப் பாறை. ஜிலேபியால் அதில் ஏற முடியாது. ஆகவே கல்லொட்டிக்கு மிச்சம் இருந்தது மேல்மடு ஒன்றுதான்.

கல்லொட்டி விரல் நீளம் இருக்கும். ஓடுகிற தண்ணீரில் பாறையை வாயால் கவ்விக்கொண்டு கிடக்கும். பார்க்க அழகென்று சொல்ல முடியாது. குழம்புக்கும் லாயக்கில்லை என்று பொற்கொடியே சொல்வாள். தேனிப் பக்கம் அயிரைக் குழம்பு தின்று வளர்ந்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அந்த மீனுக்குத்தான் மூன்று வருஷமாகத் தன் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்திருந்தாள். ஏன் என்று யாராவது கேட்டால் பதில் வராது, எரிச்சல்தான் வரும்.

ஓடை காக்கும் வாட்ஸ்அப் குழுவில் அறுபத்து நான்கு பேர். ஓடைக்கு வருவது மூன்று பேர். பொற்கொடி, ஜவளகிரியிலேயே பிறந்து லேத் பட்டறையில் வேலை பார்க்கும் ஆனந்தராஜ், தளி மருந்துக்கடையில் வேலை செய்யும் ரூபா. மற்ற அறுபத்தொரு பேரும் கைகூப்பும் படம் அனுப்புவார்கள். அதையும் காலையிலேயே அனுப்பிவிடுவார்கள், கடமை தவறாதவர்கள்.

"இது தானா ஏறி வரல. யாரோ கொண்டாந்து உட்டிருக்காங்க," என்றாள் ரூபா.

"யாரோ இன்னா யாரோ. முனீஸ்வரன்தான்." ஆனந்தராஜ் போனை எடுத்தான். "போன வருசம் சொல்லல? மேலயும் நாலு ஜிலேபி உட்டா கறிக்கு ஆகும்னு?"

முனீஸ்வரன் இந்தச் சரிவில் ஆடு மேய்ப்பவன். கீழ்மடுவில் தூண்டில் போடுவான். கூப்பிட்டால் வந்து பக்கெட் தூக்கிக் கொடுப்பான், கூலி கேட்டதில்லை. அவன் சொன்னது கிண்டல் என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை.

ஆனந்தராஜ் ரேஞ்சருக்கு மனு எழுத ஆரம்பித்தான். மனு போனால் முதலில் மேய்ச்சலை நிறுத்துவார்கள். முப்பது ஆட்டை வைத்துக்கொண்டு முனீஸ்வரன் எங்கே போவான்?

"மூணு பேரும் கையெழுத்துப் போட்டுடலாம். சரிதானேக்கா?"

பொற்கொடிக்குப் போன மே மாதம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

ஒவ்வொரு கோடையிலும் கீழ்மடு வற்றும்போது, அங்கே மாட்டிக்கொண்ட கல்லொட்டிகளைப் பிடித்துப் பக்கெட்டில் மேலே கொண்டுபோய் விடுவார்கள். விடுவதற்கு முன் வெள்ளைத் தட்டில் ஊற்றி ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நகத்தளவில் இருக்கும்போது ஜிலேபியும் கலங்கல் தண்ணீரில் கல்லொட்டி மாதிரியே தெரியும். ஜிலேபிக்கு முதுகுத் துடுப்பில் ஒரு கறுப்புப் பொட்டு, அதுதான் அடையாளம். இந்தத் தட்டு விதியைப் போட்டதே பொற்கொடிதான். ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் அவளுக்கு இன்ஸ்பெக்ஷன் வேலை. விளக்கடியில் உட்கார்ந்து ஷிஃப்டு முழுக்க வாஷர்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் விழுந்ததைச் சிவப்பு டப்பாவில் போட வேண்டும். பதினாறு வருஷமாக அவள் கண்ணுக்குத்தான் சம்பளம்.

அந்த ஞாயிறு இரவு வேலையான மூன்றாம் ஷிஃப்டு முடித்து நேரே பஸ் ஏறி வந்திருந்தாள். பதினெட்டு பக்கெட் தூக்கியாயிற்று. பத்தொன்பதாவதைப் பாறைமேல் ஏற்றும்போது வனத்துறை வாட்சர் விசில் அடித்து, மேற்கே யானை இறங்குகிறது, கிளம்புங்கள் என்று கத்தினார். தட்டு கீழே இருந்தது. போய் எடுத்து வந்திருக்கலாம். ஐந்து நிமிஷம்தான். கால் வரமாட்டேன் என்றது. அப்படியே மடுவில் கவிழ்த்துவிட்டு இறங்கினாள். பிறகு மழை, யானை நடமாட்டம் என்று வனத்துறை மாசி வரை யாரையும் உள்ளே விடவில்லை.

இப்போதும் வாயை மூடிக்கொண்டிருப்பது சுலபம். ஒரு கையெழுத்து, அடுத்த பஸ், வீட்டில் போய்த் தூங்கலாம். அவள் அலுப்புக்கு அதுதான் தேவைப்பட்டது. அந்த ஆசை தனக்கு வந்ததே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"அந்த மனுவ அழி ஆனந்தராஜு. அவர் விடல. நான்தான் விட்டேன்."

பத்தொன்பதாவது பக்கெட்டைப் பற்றிச் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் தேய்ந்தது. ரூபா பாறையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திட்டினால் தேவலை என்று பொற்கொடிக்குத் தோன்றியது. யாருக்கும் திட்டக்கூடத் தெம்பில்லை.

"மூணு வருசம்க்கா," என்றாள் ரூபா கடைசியில். அவ்வளவுதான் சொன்னாள்.

ஆனந்தராஜ் மனுவை அழித்தான். "மடுவ மொத்தமா எறைக்கணும். இருக்கறதெல்லாம் பிடிச்சுப் பிரிச்சு, ஜிலேபிய எடுத்துட்டு மத்தத உடணும். மூணு பேரால ஆவாது."

"நான் போய் அவர்கிட்டக் கேக்குறேன்," என்று பொற்கொடி எழுந்தாள்.

முனீஸ்வரன் மேட்டில் புங்கமரத்து நிழலில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தான். ஆடுகள் சுற்றிலும் மேய்ந்துகொண்டிருந்தன. பொற்கொடி எதையும் மறைக்கவில்லை.

"மேல்மடுவுல ஜிலேபி வந்துருச்சுண்ணே. போன மே மாசம் நான் பாக்காம ஊத்திட்டேன். உங்க மேல சந்தேகப்பட்டு மனுவரைக்கும் போயிருச்சு. அழிச்சாச்சு. எங்கள மன்னிச்சிருங்க. மடுவ எறைக்கணும், வந்து கை குடுப்பீங்களா?"

முனீஸ்வரன் ஆச்சரியப்படவில்லை. மனு என்றதும் முகம் ஒருமுறை சுருங்கியது, அதோடு சரி.

"தெரியும் மேடம். அன்னிக்கு நான் பாறைக்கு மேலதானே நின்னுருந்தேன். நீங்க ஊத்தறப்பவே ரெண்டு குட்டி பளிச்சுனு திரும்புச்சு. முதுகுல பொட்டு. ஜிலேபின்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேண்ணே! அன்னிக்கே வல போட்டு எடுத்திருக்கலாமே!"

"நீங்க தட்டு வெச்சு, பேப்பர் வெச்சு எழுதறவங்கோ. தெரிஞ்சுதான் உடறீங்கன்னு நெனச்சேன். நாம போயி இவங்களுக்குச் சொல்றதான்னு சும்னே இருந்துட்டேன்."

மூன்று வருஷத்தில் அவனிடம் வழி கேட்டிருக்கிறார்கள், யானை எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறார்கள், பக்கெட்டை நீட்டியிருக்கிறார்கள். மீனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஷிஃப்டுக்கு ஆயிரம் வாஷர் பார்க்கிற கண்ணுக்கு, பக்கத்தில் நின்ற மனிதனைத் தெரியாமல் போயிருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. அதை அடக்கவும் தெம்பில்லாமல் அழுதாள்.

அவன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான். கையிலிருந்த கோலை அவளிடம் நீட்டினான்.

"நீங்க ஆட்டப் பாத்துக்கோங்க மேடம். அந்தக் கருப்பு ஒண்ணு மட்டும் காட்டுக்குள்ள ஓடும், அத உடாதீங்க. மீன நான் பாக்கறேன்."

பொற்கொடி கோலை வாங்கிக்கொண்டாள்.