பல்லில் கூடை கடித்த அரக்கி

கால் முறிந்து கட்டுப் போட்ட நாள் முதல் அர்ஜுனனுக்குக் கைபேசிதான் கதி. இறால் பிடிக்கப் பழவேற்காடு ஏரியில் இறங்க முடியாது என்றானதும், கைபேசிக்குள்ளேயே ஓர் ஏரியைக் கண்டுபிடித்துக்கொண்டான். ஆட்டத்தின் பெயர் ‘ஏரிக் காவலன்’. சின்னப் படகு ஒன்றை விரலால் ஓட்ட வேண்டும். சேற்றிலிருந்து பச்சை அரக்கர்கள் தலை தூக்குவார்கள். கிட்டே போய்ச் சங்கு ஊதினால் ஓடுவார்கள். முதலிடம் பிடிப்பவருக்கு மோட்டார் பைக் பரிசு. பைக் வந்தால் மீன் வாங்கிப் பொன்னேரியில் விற்கலாம், எல்லம்மா நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் ஊற வேண்டாம். பெண்டாட்டிக்காகத்தான் அப்படிப் பாடுபட்டான். அதில் பொய்யே இல்லை.

“இன்னாம்மே, இன்னிக்கும் கூடை காலியா?”

“ஏரில ஆளில்லாத படகு ஒண்ணு வுட்டுக்கிறாங்க மாமா. எந்தக் கம்பெனியோ, காவலாம். சேத்துல கைய வெச்சா போதும், காதாண்ட வந்து ஊளை வுடுது. இறாலெல்லாம் ஓடிப்பூடுது. நல்லா நாலு வார்த்தை திட்டலாம்னா வாயில கூடை!”

இரண்டு கையாலும் சேற்றைத் துழாவ வேண்டும் என்பதால் ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொள்வது கையால் இறால் பிடிப்பவர்களின் வழக்கம்.

“எவன் அதை ஓட்டுறான்? என் கையில மாட்டினான்னா தெரியும்” என்று உறுமினான் அர்ஜுனன், கட்டைவிரலால் ஓர் அரக்கனை விரட்டிக்கொண்டே.

“வுடு மாமா. யாரு பெத்த புள்ளையோ. அவனுக்கு நல்ல புத்தி குடுன்னு கன்னியம்மாவ வேண்டிக்கினேன்.” எல்லம்மா அரிசிப் பானையைச் சாய்த்துப் பார்த்தாள். நாளைக்கும் கூடை காலியானால் உலை வைக்க ஒன்றுமில்லை.

அர்ஜுனனும் அதே கன்னியம்மாவிடம் முதலிடம் கேட்டிருந்தான். ஒரே குடிசையிலிருந்து போன இரண்டு வேண்டுதலையும் அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

மறுநாள் அவன் இரண்டாம் இடத்தில் இருந்தான். இன்னும் ஓர் அரக்கியை விரட்டினால் முதலிடம். தினமும் விரட்டினாலும் அதே இடத்துக்குத் திரும்பி வரும் ஒருத்தி இருந்தாள். ‘அடங்காப்பிடாரி’ என்று அவளுக்குப் பெயரே வைத்திருந்தான். அவளை நோக்கிப் பாய்ந்தபோது, யாரோ விட்டுப்போன வலையில் படகு சிக்கிச் சாய்ந்தது. பாசி அப்பித் திரை பாதி இருண்டது. அரக்கி நெருங்கினாள்.

‘ஒடைக்கப் போறா’ என்று நினைத்தான்.

அவள் உடைக்கவில்லை. அந்த ஏரியில் யாருடைய படகு மாட்டிக்கொண்டாலும், பகையாளியுடையதே ஆனாலும், எடுத்துவிட்டுத்தான் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். இரண்டு கைகள் வலையை ஒவ்வொரு கண்ணியாக விடுவித்தன. ஈர முந்தானை ஒன்று படகின் கேமராக் கண்ணைத் துடைத்தது. அவ்வளவு கிட்டத்தில் ஆட்டத்தின் பச்சைச் சாயம் ஒட்டவில்லை; திரை நடுங்கி, கலைந்து, தெளிந்தது.

மூக்கில் சேறு. கல் விழுந்த மூக்குத்தி. பல்லில் கூடை.

எல்லம்மா கூடையை வாயிலிருந்து எடுத்தாள். “போ நைனா, பாத்துப் போ” என்று படகைத் தள்ளிவிட்டாள்.

‘அரக்கி அருகில்! ஊது! முதலிடம் உனக்கே!’ என்று திரை பளிச்சிட்டது. அர்ஜுனனின் விரல் அந்தரத்தில் நின்றது. பிறகு மெல்ல இறங்கிப் படகைத் திருப்பியது.

ஆட்டத்தை விட்டு வெளியேறினால் படகு வேறொருவன் கைக்குப் போய்விடும். ஆகவே சாயங்காலம் வரை, ஆளில்லாத ஒரு மணல்திட்டை அவன் விடாமல் காவல் காத்தான். புள்ளிகள் சரசரவென்று இறங்கின. ‘சோம்பேறிக் காவலன்’ என்று பட்டமும் கிடைத்தது.

அன்று குடிசையில் இறால் குழம்பு கொதித்தது.

“அந்த மிஷினு இன்னிக்கு எங்கியோ ஓரமாவே சுத்திக்கினு இருந்துச்சு மாமா. ஓட்டுறவனுக்குக் கன்னியம்மா புத்தி குடுத்துட்டா. அவன் நல்லா இருக்கணும்” என்று சோற்றைப் போட்டாள் எல்லம்மா. “உனுக்குத்தான் எப்ப வரப்போவுதோ. காலைலேந்து அந்தப் போனைக் கீழ வெச்சியா நீ?”

“நாளைக்கும் ஆடணும்மே” என்றான் அர்ஜுனன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.