ஸ்க்ரூடிரைவர் கேட்ட நோயாளி

என் வீட்டுக்காரர் மோட்டார் மெக்கானிக். எந்த மிஷின் மக்கர் பண்ணினாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஏணியிலிருந்து விழுந்ததில் முதுகுத்தண்டு போயிற்று. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, சக்கர நாற்காலிதான். வாய்க்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை.

குழந்தைக்காகப் போனபோது டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். விந்து உள்ளே ஊறிக்கொண்டுதான் இருக்கிறது, வெளியே வரத்தான் வழியில்லை. முதலில் அதிர்வு மிஷினை வைத்துப் பார்க்கலாம். வராவிட்டால் மயக்கம் கொடுத்துக் கரண்ட். அதற்கும் மசியாவிட்டால் விதையில் ஊசி குத்தி எடுப்பது.

"சரக்கு இருக்கு, டெலிவரிதான் இல்ல," என்றார் இவர். என் மானமே போயிற்று.

இரண்டு தடவை மிஷின் வைத்தும் சொட்டுகூட வரவில்லை. மூன்றாவதுதான் கடைசி, இனி ஊசி, கத்தி எதுவும் உடம்பில் படக்கூடாது என்று இவர் சொல்லிவிட்டார். பிடிவாதத்தில் என் மாமியாரை அப்படியே உரித்து வைத்திருக்கிறார். எனக்கோ வயது முப்பத்தெட்டு.

மூன்றாவது தடவைக்குப் போன அன்றைக்கு என் கருமுட்டை தயார். இவர் பச்சைத் துணி போர்த்திப் படுத்திருந்தார். மிஷின் ஒரு நிமிஷம் முனகிவிட்டு நின்றுபோனது. டாக்டரம்மா ஊசிப் பேச்சை எடுத்தார். இவர் தலையைத் தூக்கினார்.

"போன தடவையே அதோட சத்தம் சரியில்ல. ஒரு ஸ்க்ரூடிரைவர் குடுங்க."

"அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"இங்க நான் நோயாளிதானே. நான் சொன்னா யாரு கேப்பா?"

ஊரெல்லாம் வாயடிக்கிற மனுஷன் வேண்டிய இடத்தில் ஊமையாக இருந்திருக்கிறார். எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

பேட்டரி மிஷின், ஷாக் அடிக்காது என்று டாக்டரம்மா சம்மதிக்க, நர்ஸ் ஸ்க்ரூடிரைவர் தேடிக் கொண்டுவந்தாள். இவர் மிஷினை வயிற்றின்மேல் வைத்துப் பிரித்தார். சுவிட்சில் ஒயர் பாதி அறுந்திருந்தது. முறுக்கி, பிளாஸ்திரி சுற்றிக் கொடுத்தார். டாக்டரம்மா கையில் ஓட்டிப் பார்த்து, துடைத்து, இவருக்கு ரத்த அழுத்தப் பட்டையையும் கட்டிவிட்டு ஆரம்பித்தார். மூன்றாவது நிமிஷம் கால்கள் உதறின. நர்ஸ் கப்போடு பாய்ந்தாள்.

லேபிலிருந்து பதில் வந்தது. கொஞ்சம்தான், ஆனால் நன்றாக நீந்துகின்றன, இன்றைக்கே குழாய் வழியாக என் கருப்பையில் செலுத்தலாம்.

அது முடிந்ததும் அதே கட்டிலில் நான். கால்மணி நேரம் எழுந்திருக்கக் கூடாதாம். நாலு வருஷமாக இவரைப் புரட்டிப் போட்டு, துடைத்து, திட்டித் தீர்த்தவள் நான். இவர் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தி என் தலையணையைச் சரிசெய்தார்.

"நீ அசையாத. நான் பாத்துக்கறேன்."

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அசையாமல் அழுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?